கல்யாணப் பத்திரிகையில் ஒரு சிவப்பு முக்கோணம்

தன்னைப் புத்திசாலி என்று தானே நம்புகிறவனைப் போல ஆபத்தான பிராணி கிடையாது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்த எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. (கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.)

புரூஃப் தாளில் நான் பென்சிலால் எதைக் குறித்தாலும் ஆபரேட்டர் மாரிச்சாமி போன் போட்டு விளக்கம் கேட்பான். ஒருநாள் எரிச்சலில், "பென்சில்ல என்ன இருக்கோ அதை அப்படியே போடுலே, கேள்வி கேக்காத" என்று சட்டம் போட்டேன்.

என் இன்னொரு பெருமை, முக்கோணம் பிடிக்கிற ஆட்டம். புள்ளிகளை முக்கோணமாக அடுக்கிவிட்டு ஆளுக்கொரு கோடாக இழுக்க வேண்டும். கடைசிக் கோட்டைப் போட்டு ஒரு சின்ன முக்கோணத்தை மூடுகிறவர், அதற்குள் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி அந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அதிக இடம் பிடித்தவர் ஜெயித்தவர். அச்சகத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. (என்னோடு ஆடியவர்கள் எல்லோரும் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.)

என் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை எடுத்துக்கொண்டு விருதுநகரில் பெண் வீட்டுக்குப் போனேன். வருங்கால மாமனார் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. தாளை வாங்கித் தன் பெயர் இருந்த வரியை மட்டும் ரசித்துப் படித்தார். பிறகு எந்தப் பெரியப்பாவின் பெயர் முதலில் வர வேண்டும் என்று விசாரிக்கப் போனோடு மாடிக்குப் போய்விட்டார். பெயர் முன்னால் வராவிட்டால் அந்தப் பெரியப்பாக்களுக்குச் சோறு இறங்காது.

ஹாலில் நானும் சண்முகப்பிரியாவும் மட்டும். (சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தைகளைச் சேர்க்கவில்லை.) என் மூளையைக் காட்டியே அவளை மயக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு காகிதம் அகப்படவில்லை. புரூஃபின் அடியில் தாராளமாக இடம் இருந்தது. பென்சில்தானே, அழித்துவிடலாம். எதிரே இருந்தவளுக்கு நேராகத் தெரியட்டும் என்று பெரிய மனது பண்ணி, புள்ளிகளை எனக்குத் தலைகீழாக வைத்தேன்.

அவள் என்னைத் தரைமட்டமாக்கினாள். ஒரு மூலையில் அநாதையாக என் 'மு'. மற்றதெல்லாம் 'ச'. விட்டுக் கொடுத்தீர்களா என்று அவள் கேட்டபோது வெட்கமில்லாமல் தலையாட்டினேன். அவள் நம்பவில்லை.

மாமனார் இறங்கி வரும் சத்தம் கேட்டதும் தாளைப் பாதியாக மடித்து நீட்டினேன். மேல் பாதியில் பெரியப்பாக்களை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட்டார். தோற்ற கடுப்பில் பஸ் ஏறியவன் அழிப்பதை மறந்தே போனேன். மாரிச்சாமியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக் களையோடு லீவில் போய்விட்டேன்.

பத்திரிகைக் கட்டுகள் நேரே விருதுநகருக்குப் போய், பாதி ஊருக்குக் கொடுத்த பிறகுதான் என் கைக்கு ஒன்று வந்தது. "தங்கள் நல்வரவை விரும்பும்" பெயர்களுக்குக் கீழே, தலைகீழாக, பெரிய சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் வரைந்திருப்பார்களே, அதேதான். உள்ளே வெள்ளையாகக் கோடுகளும் எழுத்துகளும்.

மாரிச்சாமி நிதானமாகச் சொன்னான். "பென்சில்ல இருந்தா கேக்காதன்னு நீங்கதானண்ணே சொன்னீக. வெறுங்கோடா இருந்தா நல்லாருக்காதேன்னு செவப்பு ரொப்பிவிட்டேன். கல்யாணம்ல."

மாமனார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். கல்யாணத்துக்கு வர வேண்டுமா, ஆபரேஷனுக்கு வர வேண்டுமா என்று ஒரு பெரியப்பா கேட்டாராம். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார் மாமனார். அவளை இழந்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

சண்முகப்பிரியா அவர் கையிலிருந்த பத்திரிகையை வாங்கினாள். "நல்லாப் பாருங்கப்பா, அம்புட்டும் 'ச'. இப்படித் தோத்தும் கோவப்படாத ஆளை இனி எங்கன போய்த் தேடுவீக?"

(கோபப்பட்டேன். பஸ்ஸில்.)

கல்யாணம் நடந்தது. மிச்சமிருந்த பத்திரிகைகளில் முக்கோணத்தின் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினோம். அதை உரித்துப் பார்ப்பதே சொந்தக்காரர்களுக்கு வேலையாகப் போயிற்று.

எங்களுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தபோது மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று அவர் கேட்டதைத்தான் இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் அம்புட்டுப் பெருசா அச்சடிச்சுக் குடுத்தீகளே மாப்ளே, நீங்க வாசிக்கலையாக்கும்?"