முதுகு திறந்த சட்டை

தன்னுடைய சாவுச் சட்டையைத் தானே தைத்துக்கொள்வது என்று தியோடர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் அறிவித்தார்.

"லோயிசு, இன்னிலேருந்து உன் மிஷினு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"பெட்டிக்குள்ள போட்டுக்கினு போறதுக்கு ஒரு சட்டை தைக்கப் போறேன்."

மனைவி லோயிஸ் உப்புமா கிளறுவதை நிறுத்தவில்லை. "எந்தப் பெட்டி? ட்ரங்குப் பெட்டியா?"

"சவப்பெட்டி."

"அப்போ மொதல்ல துன்னுட்டுப் போங்க. ஆறிடும்."

முப்பத்தொரு வருஷம் சித்தூர் சர்வே ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் தியோடர். வெதுருகுப்பத்திலிருந்து வடமாலபேட்டை வரைக்கும் எவன் வரப்பு எவன் நிலத்துக்குள் எத்தனை அடி நுழைந்திருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். தன் வயிற்றுக்குள் ஒன்று நுழைந்திருந்ததுதான் தெரியாமல் போய்விட்டது. போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குடலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. இரண்டு மாதத்துக்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் வெட்டியும் பிரயோஜனமில்லை என்றார்.

தியோடர் எழுந்து, "வெட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் சுந்தர்சிங் திருப்பதியில் ரயில்வேயில் இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்று ஆபரேஷனுக்குத் தானே நடந்து போய்ப் படுத்தார். திரும்பி வரும்போது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் அவருக்குப் புதுக் கோட்டு மாட்டப் பார்த்தால் கை விறைத்துப் போய் மடங்கவில்லை. யாரோ ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தார். காலரிலிருந்து கீழே வரைக்கும் முதுகுப் பக்கம் ஒரே வெட்டு. இரண்டு பாதியையும் முன்னால் போர்த்தி, ஓரத்தைச் செருகிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அண்ணன் துரை மாதிரி இருந்தார். பின்னால் வெறும் முதுகு. தியோடர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்.

அன்றைக்கே இரண்டு தீர்மானம். உயிரோடு இருக்கிற வரைக்கும் தன் உடம்பில் கத்தி படக்கூடாது. செத்த பிறகு தன் துணியில் கத்தரி படக்கூடாது.

சர்ச் ஐயர் வந்து முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிப் பார்த்தார். மகள் திருப்பதியிலிருந்து வந்து இரண்டு நாள் அழுது பார்த்தாள். தியோடர் அசையவில்லை. லோயிஸ் மட்டும் அழவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து லோயிசுக்குத் தையல்தான் பொழுதுபோக்கு. தன் ஜாக்கெட், தலையணை உறை, அவருடைய கோடு போட்ட டிராயர் எல்லாம் வீட்டிலேயேதான். மத்தியானம் முழுக்க அந்தக் கால் மிஷின் ஓடும். "வீடா இது, மில்லா?" என்று தியோடர் பத்து வருஷமாகக் கேட்டுவந்தார். இப்போது அதே மிஷின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

துணி வாங்கப் பஜாருக்கு அவரேதான் போனார். ஐந்து கெஜம் வெள்ளை லாங்கிளாத் கேட்டார். கடைக்காரர் தெலுங்குக்காரர், பேச்சுக் கொடுத்தார்.

"ஏமி சார், இண்ட்லோ பெள்ளா?"

வீட்டில் கல்யாணமெல்லாம் இல்லை, சாவுதான் என்றார் தியோடர். கடைக்காரர் உச்சுக் கொட்டி, யாருடையது என்று கேட்டார்.

"நாதே," என்றார் தியோடர். என்னுடையதுதான்.

கடைக்காரர் துணியை ஒரு முழம் அதிகமாகவே கிழித்துக் கொடுத்தார்.

தியோடர் முதலில் சட்டைக்கு வரைபடம் போட்டார். ஓர் அங்குலத்துக்கு நாலு அங்குலம் என்று அளவு குறித்து, மூலையில் வடக்குத் திசை காட்டும் அம்புகூடப் போட்டிருந்தார். லோயிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது இன்னாது, ஏரிக்கரையா?"

"காலர்."

"படுத்துக்கினு இருக்கறவருக்குக் காலர் எதுக்கு? கழுத்துல குத்தும்."

"குத்துனா எனக்குத் தெரியவா போவுது?"

"பாக்கறவங்களுக்குத் தெரியும். வட்டக் கழுத்து போதும். இங்க பாருங்க, கழுத்த நான் வெட்டறேன். இப்பவே வெட்டட்டுமா, காபி குடிச்சிட்டு வெட்டட்டுமா?"

தியோடர் தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது பொத்தான். முன்பக்கம் ஏழு பொத்தான் வைக்க வேண்டும் என்றார். லோயிஸ் சாக்குக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணனுக்கு இன்னா ஆச்சி? கை மடங்கல. முதுகுல கிழிச்சாங்க. நீங்க முன்னால பொத்தான் வெச்சா உங்களுக்கும் அதே கதிதான். முன்பக்கம் மூடியே இருக்கட்டும். முதுகுப்பக்கம் தொறந்து விட்டு நாடா வெச்சிடுங்க. முன்னாலேருந்து கைய நுழைச்சி, பின்னால கட்டிட்டா முடிஞ்சிது. கத்தரிக்கே வேலை இல்ல."

தியோடர் பென்சிலை எடுத்து ஏழு பொத்தானையும் அடித்தார். முப்பத்தொரு வருஷ சர்வீசில் இப்படி ஒரு மூளையை அவர் பார்த்ததில்லை. இதையே இவள் முன்னாலே யோசித்து வைத்திருக்கிறாளே என்று ஒரு நடுக்கமும் வந்தது.

"கை?"

"முழங்கைக்கு மேலேயே நிக்கட்டும்."

"நீளம்?"

"முட்டி வரைக்கும். பேண்ட்டு வேணாம். மேல போர்வை போத்துவாங்க இல்ல?"

அவர் கேட்டதில் ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள். சின்ன வேதபுத்தகம் வைக்க இடது நெஞ்சில் ஒரு ஜேபி.

தையல் அவர் நினைத்த மாதிரி வரவில்லை. முதல் வாரம் இரண்டு இடது கை தைத்தார். இரண்டாவது வாரம் கையைச் சட்டையோடு சேர்த்துத் தைத்தபோது தன் லுங்கியையும் சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்து நின்றதும் மிஷினையே இழுத்துக்கொண்டு வந்தார். ஊசி விரலில் ஏறி வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. சாயங்காலம் வயிறு வலிக்கும். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிஷின்மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு பிரிப்பார், மறுபடி தைப்பார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அளவெடுத்த துணி ஒரு மாதத்துக்குள் தொளதொளவென்று ஆனது.

இதில் லோயிஸ் அவசரப்படுத்தியதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னும் முடியலியா? இந்த வாரம் முடிச்சிடுவீங்களா?"

"ஏம்மே, நான் போறதுல உனக்கு இவ்ளோ அவசரமா?"

"ஆரம்பிச்ச வேலைய முடிக்கணும் இல்ல?" என்று அவள் காலண்டரைப் பார்த்தாள்.

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள். மனசு கல்லு என்று நினைத்தபடியே தியோடர் ஜேபியைத் தைத்தார்.

ஏழாவது வாரம் சட்டை முடிந்தது. எல்லாம் சரி. கழுத்து மட்டும் ஓரத்தில் சுருக்கு விழுந்தது. மூன்று தடவை பிரித்தும் போகவில்லை. கோணலான கழுத்தோடு கர்த்தர் முன்னால் போய் நிற்க அவருக்கு மனமில்லை.

"என் சித்தி பொண்ணு மேரிகிட்ட காட்டலாம்," என்றாள் லோயிஸ். "கழுத்து வைக்கறதுல அவள மிஞ்சி ஆளில்ல."

"மேரி வேலூர் ஆஸ்பத்திரியில இல்ல வேலை செய்யறா? அந்த வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்."

"அவ இருக்கறது தையல் ரூமு. அதுக்குப் பின்னால தனி வழி. வாசப்படியே கெடையாது."

அது சர்வேயர் மூளைக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். லோயிஸ் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சட்டை ஒன்றுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை.

தையல் ரூமில் ஏழெட்டுப் பெண்கள் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேரி சட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நீங்களா தச்சீங்க, மாமா? நூல் புடிச்ச மாதிரி கீது. கழுத்துதான் இழுக்குது. போட்டுப் பாத்தாதான் எங்க இழுக்குதுன்னு தெரியும். அந்த ரூமுல மாத்திக்கினு வாங்க."

உள்ளே போய் மாற்றினார். லோயிஸ் பின்னால் நாடாவைக் கட்டினாள். மேலே ஒன்றை மட்டும்தான் கட்டினாள். கழற்றின பேண்ட்டையும் சட்டையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"படுத்துக்கினு போடற சட்டைதான மாமா? படுங்க, பாக்கலாம்," என்றாள் மேரி.

அங்கே ஒரு கட்டில் இருந்தது. படுத்தார்.

"இங்க வெளிச்சம் போதல," என்று மேரி கட்டிலைத் தள்ளினாள். கட்டில் நகர்ந்தது. அதற்குச் சக்கரம் இருந்தது. கதவு தாண்டி, ஒரு திருப்பம் தாண்டி, மருந்து வாசனை மூக்கில் ஏறின பிறகுதான் தியோடருக்கு உறைத்தது. கட்டில் நின்ற இடத்தில் அதே டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

தியோடர் துள்ளி எழுந்து ஓடப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்ததும் பின்னால் குளுகுளுவென்று காற்றடித்தது. வராந்தா முழுக்கப் பார்வையாளர் கூட்டம். பெண்கள், சாப்பாட்டுத் தூக்கு, வேதபுத்தகம் வைத்திருந்த ஒரு பாட்டு கோஷ்டி. அப்படியே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆபரேஷன் கவுன் வீட்லயே தச்சிக்கினு வந்த மொதல் பேஷண்ட்டு நீங்கதான் சார். எங்களுதைவிட நல்லாருக்கு. ஜேபிகூட இருக்குதே!"

"லோயிசு," என்றார் தியோடர். "என் பேண்ட்ட குடு."

"குடுக்கறேன். மொதல்ல கேளுங்க." லோயிஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உங்க அண்ணன் செத்தாரு. நெஜந்தான். உங்களுக்குப் பயம். அதுவும் நெஜந்தான். எனக்கு மட்டும் பயம் இல்லியா? நீங்க அந்தச் சட்டைய தச்ச ஏழு வாரமும் நான் காலண்டரக் கிழிச்சிக்கினு இருந்தேன். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் எட்டு நாளுதான். உள்ள போனா ஒருவேளை வருவீங்க. வீட்டுக்கு வந்தா ஒருவேளைகூட இல்ல. உங்கள அடக்கம் பண்ணிட்டு அந்த வீட்ல நான் யார்கிட்ட சண்டை போடறது?"

அப்போதுதான் அவள் அழுவதைத் தியோடர் பார்த்தார். சத்தமில்லாமல் முகம் முழுக்க அழுதுகொண்டிருந்தாள். அண்ணனுடைய வெறும் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நான் திரும்பி வரலன்னா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சட்டை போட்டுக்கினுதான கீறீங்க," என்று மூக்கை உறிஞ்சினாள் லோயிஸ். "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட இஷ்டமில்லன்னா வாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இப்படியே நடந்து போலாம்."

தியோடர் வராந்தாவைப் பார்த்தார். பாட்டு கோஷ்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். லோயிஸ் அட்டையில் சொருகின காகிதத்தைக் கொடுத்தாள். போட்டார். கீழே இன்னொன்று இருந்தது. அதிலும் போட்டார். ஒரு கிரயப் பத்திரத்தை நாலு தடவை படிக்காமல் கைவைக்காதவர், கண்ணீர் மறைத்ததில் ஓர் எழுத்தும் படிக்கவில்லை.

கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாம். பதினாலு தையல். கெட்ட கட்டியா இல்லையா என்று தெரிய பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் தியோடர் மோட்டுவளையையும் லோயிஸ் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சண்டை போடவே இல்லை. பதினோராம் நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். கெட்டது இல்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குடலையே அடைத்திருக்கும் என்றார். தியோடர் அவரிடம் நன்றி சொன்னார். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "மூணாவது தையலுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் ஜாஸ்தியா விட்டுட்டீங்க" என்றும் சொன்னார்.

சித்தூருக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆயிற்று. வயிறு ஆறி, மூன்று வேளையும் சாப்பிட்டு, கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு சனிக்கிழமை வேலூர் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஒரு பெரிய துணி மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மேலே ஒரு காகிதம் குத்தியிருந்தது. தியோடர் படித்தார். ஆஸ்பத்திரி தையல் ரூமுக்காக, முதுகு திறந்த ஆபரேஷன் சட்டை எண்பது, தியோடர் ஆகிய நான் வீட்டிலிருந்தே ஊழியமாகத் தைத்துக் கொடுக்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். கீழே அவருடைய கையெழுத்து, கோணாமல், குண்டு குண்டாக.

"லோயிசு! நான் இதுல எப்போ கையெழுத்துப் போட்டேன்?"

"ரெண்டாவது காகிதம்." லோயிஸ் மிஷின் மூடியை எடுத்துவிட்டு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "எண்பது சட்டைங்க. எழுதிக் குடுத்துட்டு நடுவுல செத்துகித்துப் போயிடாதீங்க, அப்புறம் மேரி மூஞ்சில என்னால முழிக்க முடியாது."