பச்சை எரிந்தால் தாகமில்லை

மனிதன் தோன்றிய நாள் முதல் அவனை வாட்டிவந்த ஒரு பெருங்குறை, தனக்குத் தாகம் எடுத்திருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் இருந்ததுதான். அந்தக் குறை ஒரு மின்னணுப் பொருட்காட்சியின் இரண்டாம் கூடத்தில், கழிப்பறைக்குப் பக்கத்து ஸ்டாலில் வைத்துத் தீர்க்கப்பட்டது. தீர்த்த கருவியின் பெயர் தாகமானி. பார்வைக்கு மூடி போட்ட ஒரு குடுவை, அவ்வளவுதான். கைப்பிடியை ஐந்து விநாடி பிடித்தால் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் தாகம், பச்சை எரிந்தால் தாகமில்லை.

இதை விற்பதற்கு மூன்று நாளைக்கு மட்டும் எடுக்கப்பட்ட சேல்ஸ் புரமோட்டர், தர்க்கவியல் படிக்கும் ஒரு கடைசி வருட மாணவி. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். காலையில் காப்பி ஆறிவிட்டது என்று சொன்னால்கூட, ஆறியது என்பதற்கு என்ன வரையறை என்று கேட்பவள்.

அவள் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. வெளியுலக அனுபவச் சான்றிதழ் கொடுக்காதவர்களுக்குத் தேர்வு ஹால் டிக்கெட் கிடையாது என்று பல்கலைக்கழகம் திடீரென்று கண்டுபிடித்திருந்தது. கூடப் படித்தவர்கள் அப்பா கம்பெனியிலும் மாமா ஆபீஸிலும் லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த அனுபவத்தை வீட்டில் படுத்தபடியே பெற்றார்கள். இவள் அப்பா பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸுக்கு லெட்டர்பேடு கிடையாது. பொருட்காட்சி முடிந்த மறுநாள்தான் கடைசித் தேதி. சான்றிதழ் இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

"அங்கே போயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்று அம்மா வழியனுப்பினாள்.

"வாயைத் திறக்கிறதுதாம்மா அங்கே வேலையே."

முதல் நாள் காலையில் டை கட்டிய மேற்பார்வையாளர் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி என்பது, சிரிக்க வேண்டும், உட்காரக் கூடாது.

"சார், குடுவையில தண்ணியே இல்லையே?"

"மின்சாதனக் கூடத்துல திரவம் கூடாதுன்னு நிர்வாகத்தோட சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப யாருக்காவது சிவப்பு எரிஞ்சா?"

"எரியாது" என்றார், மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக் அண்ணன். "சிவப்பு எரிஞ்சா பேட்டரி சீக்கிரம் தீந்துடும்மா. மூணு நாள் தாங்கணுமே! அதனால எல்லாத்தையும் பச்சையில நிறுத்தி வெச்சிருக்கேன். வாங்கிட்டுப் போறவங்க பதிவு பண்ணி ஏழு வேலை நாள் ஆச்சுன்னா சிவப்பு தானா திறந்துக்கும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யாருக்கும் தாகம் இல்லை" என்று மேற்பார்வையாளர் முடித்துவைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயில் பதினோரு கேள்விகள் வரிசைகட்டி நின்றன. சான்றிதழை நினைத்து எல்லாவற்றையும் விழுங்கினாள்.

முதலில் வந்தவர் பூப்போட்ட குடை வைத்திருந்த ஒரு அம்மாள்.

"தாகம் எடுத்தா எனக்கே தெரியுமே பாப்பா, இதுக்கு எதுக்கு ஒரு குடுவை?"

இவளும் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எதிரே நின்று ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், அதற்கு மறுகரையில் போய் நிற்காமல் அவளால் இருக்க முடியாது. பிறவிக் குணம்.

"காய்ச்சல் வந்தாலும் உங்களுக்கே தெரியும்தானேம்மா? அப்புறம் எதுக்குத் தெர்மாமீட்டர்?"

"எவ்வளவுன்னு பாக்க."

"தாகம் எவ்வளவுன்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

அம்மாள் யோசித்தார். பார்த்ததில்லை.

"வெயில்ல வந்தீங்களே, தண்ணி குடிச்சீங்களா?"

"வெளியில டிரம்ல பிடிச்சு ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

"ரெண்டா? உங்க தாகம் ஒண்ணே முக்கால் டம்ளரா இருந்திருந்தா? கால் டம்ளர் தாகமே இல்லாம குடிச்சிருக்கீங்க. இப்படி எத்தனை வருஷமா நடக்குது?"

அம்மாள் முகத்தில் அறுபது வருடத்துக் கால் டம்ளர்கள் எல்லாம் ஒன்றாய் வந்து நின்றன. "எங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு குடம் குடிக்கிறார். கேக்க ஆளே இல்லை" என்று சொல்லி இரண்டாக வாங்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் நூற்றுப்பத்துப் பேர் கைப்பிடியைப் பிடித்தார்கள். நூற்றுப்பத்தும் பச்சை. ஆனால் பேசிப் பேசி அவளுக்குத்தான் தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே டிரம்மை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"எங்கே?"

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சார்."

"தாகமானி விக்கிற நீயே தாகமானியைக் கேக்காம போனா பாக்கிறவன் என்ன நினைப்பான்? பிடி."

பிடித்தாள். பச்சை.

"சார், இதைப் பச்சையில நிறுத்தி வெச்சிருக்கிறது உங்களுக்கே தெரியுமே! எனக்குத் தொண்டை காயுது."

"அது உன் அபிப்பிராயம்மா. இது தரவு."

வந்த பதிலை எச்சிலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தாள். எச்சில் இல்லை.

இரண்டாம் நாள், பொருட்காட்சி நிர்வாகத்தின் வசதிகள் பிரிவு அலுவலர் கக்கத்தில் கோப்புடன் வந்தார்.

"இதுவரை எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள்?"

"நானூத்திப் பன்னிரண்டு" என்றாள்.

"அவர்களில் தாகமுள்ளவர்கள்?"

அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைத் தடவினார். கையெழுத்தாகாத சான்றிதழ் அங்கேதான் மடித்து இருந்தது.

"நானூத்திப் பன்னிரண்டும் பச்சை சார்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "தாகமுள்ளவர் எவருமில்லை என்றால், வெளியே டிரம்மில் தண்ணீர் குடிப்பவர்கள் யார்?"

இது ஆழமான கேள்வி. அரைமணி நேரத்தில் சுற்றறிக்கை வந்தது. தாகமற்ற பொதுமக்கள் குடிநீரை அருந்திவருவது தரவுகளின் அடிப்படையில் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளமையால், டிரம்கள் உடனடியாக அகற்றப்படுகின்றன; உண்மையாகவே தாகமுள்ளவர்கள், தாகமானியில் சிவப்பு எரிந்ததற்கான சீட்டைச் சமர்ப்பித்து, அலுவலகக் குழாயில் ஒரு டம்ளர் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் கூடமே தாகமானி ஸ்டாலில்தான் நின்றது. பறக்கும் கேமராவையும் சுருட்டி வைக்கிற டிவியையும் சீண்ட ஆளில்லை. வரிசை கழிப்பறையைச் சுற்றி, நுழைவாயிலைத் தாண்டி, வெயிலுக்குப் போய், மறுபடி உள்ளே வந்தது. வெடித்த உதடுகளோடு வந்து பிடித்தார்கள். பச்சையைப் பார்த்ததும் "நல்லவேளை, நான் தாகம்னு பயந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்தார். பின்னால் நின்றவர்களே அவரை அடக்கினார்கள்: "மெஷின் பொய் சொல்லுமாய்யா?"

சாயங்காலம் பொருட்காட்சி இயக்குநர் நேரில் வந்து, அதிகக் கூட்டம் கண்ட ஸ்டாலுக்கான கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். "அறிவியல் மனிதகுலத்தின் தாக..." என்றவருக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் வர இருமினார். எவனோ ஒருவன் தண்ணீருக்கு ஓடினான். வசதிகள் அலுவலர் மறித்தார்: "சீட்டு?"

இயக்குநரின் கையில் குடுவையைக் கொடுத்தார்கள். பச்சை. குடுவையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா... இது... சரியா... வேலை செய்யுதா?"

கூடமே அவள் வாயைப் பார்த்தது. மேற்பார்வையாளர் சான்றிதழை விரித்து, பேனா மூடியைத் திறந்து, காத்திருந்தார். "இல்லை" என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருடம் விலை.

தர்க்கவியல் அவளைக் கைவிடவில்லை.

"பச்சை எரியுது சார்" என்றாள்.

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு இருமலை விழுங்கிக்கொண்டு, "எனக்குத் தாகமில்லை!" என்று அறிவித்தார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பேனா ஓடியது. 'மூன்று நாட்களும் தாகமின்றிச் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று சான்றிதழில் இருந்தது.

பையில் சான்றிதழைப் பத்திரப்படுத்திக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தெருமுனையில் ஒரு குழாய். தண்ணீர் கட்டித்தூணாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஐம்பது அறுபது பேர், புதுக்குடுவைகளின் கைப்பிடியைப் பிடித்தபடி, காய்ந்த முகத்தோடு நின்றார்கள். ஒருவரும் குனியவில்லை. முன்வரிசையில் பூப்போட்ட குடை. கூடவே ஒரு நாளைக்கு ஒரு குடம் குடிக்கும் வீட்டுக்காரர், துவண்டுபோய்.

"அம்மா! ஏன் நிக்கிறீங்க? குடிங்க!"

"பச்சையா எரியுதே பாப்பா."

"அது எல்லாருக்கும் பச்சைதாம்மா காட்டும்! உங்களுக்குத் தாகம்னு உங்களுக்கே தெரியலையா?"

அம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "காய்ச்சல் வந்தாலும்தான் எனக்கே தெரியும். அப்புறம் எதுக்குப் பாப்பா தெர்மாமீட்டர்?"

கூட்டம் தலையாட்டியது. அந்த வாதத்தை உடைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், கட்டியவளும் அவளே. நன்றாகவே கட்டியிருந்தாள், ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

பேச்சை விட்டுவிட்டுக் குழாயடியில் குனிந்து இரண்டு கைகளாலும் ஏந்தி மடக் மடக்கென்று குடித்தாள். மூன்று நாள் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதாவது புரிந்ததா என்று எல்லோரையும் பார்த்தாள்.

வீட்டுக்காரர் குடுவையை அழுத்திப் பிடித்தபடி மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்தியா? ரெண்டா, ஒண்ணே முக்காலான்னுகூடப் பாக்கலை. படிச்ச பொண்ணு, பாவம்!"