ஸ்ரீகுமாரி மிதித்த பிரேக்

மச்சினன் வீட்டுப் படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று கிருஷ்ணன்குட்டி முடிவெடுத்தார். காரணம் ஒரு வீடியோ கேசட்.

மச்சினன் சதாசிவனுக்குச் செங்கல் என்கிற ஊர். பட்டாளத்திலிருந்து வந்தவர். வீட்டுக்கு யார் போனாலும் தன் மகளுடைய கல்யாணக் கேசட்டைப் போட்டுக் காட்டுவார். அதில் ஓரிடத்தில் கிருஷ்ணன்குட்டி பந்தியில் உட்கார்ந்து, பிரதமன் பாயசம் குடிக்க வாயைப் பிளந்திருப்பார். சதாசிவன் சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்துவார். வாய் மூடவே மூடாது. வீடே சிரிக்கும். ஸ்ரீகுமாரியும் சிரிப்பாள். கட்டின பெண்சாதி சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முடிவெடுத்த அந்த வாரமே ஸ்ரீகுமாரி சொன்னாள்:

"ஞாயிறாச்ச அண்ணனுக்க பேரனுக்கு முதச்சோறு குடுக்குத சோறூட்டாக்கும். விஜயம்மா வீட்டுக்குப் போன் வந்துது. நம்ம வண்டியிலயே போவோம்."

விஜயம்மா பக்கத்து வீட்டுக்காரி. அந்த இடவழியில் அவள் வீட்டில் மட்டுமே போன் உண்டு. ஆகவே சந்தேகப்பட இடமில்லை.

கிருஷ்ணன்குட்டி யோசித்தார். அவருடைய வண்டி ஒரு பழைய ஜீப் பிக்கப். ஆரியங்கோட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றிப் பாறசாலைச் சந்தைக்குப் போகும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் பிடிக்கும். பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் போடும். "அதைச் சரியாக்குங்க" என்று ஓணத்திலிருந்தே ஸ்ரீகுமாரி சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம்" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த நோயே மருந்தாகத் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். வண்டியை மரக்கட்டைமேல் உட்கார வைத்தார். பிறகு முகத்தைச் சாவுவீட்டுக்குப் போகிறவரைப்போல வைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

"குமாரி, பிரேக்கு தீரெ இல்ல. இந்த வண்டியில உன்னக் கூட்டிட்டுப் போவ எனக்கு மனசு வரல்ல."

"அய்யோ. அப்பம் சோறூட்டு?"

"உயிரா பெருசு, சோறூட்டா பெருசு?"

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"சக்கரம் மட்டும் கழத்தினா நான் அண்ணங்கிட்ட என்னண்ணு சொல்ல? உள்ள என்ன கேடுண்ணு காட்டுங்க."

"இப்பமேவா?"

"நான் கண்ணால பாத்தாத்தான் சொல்லுவேன்."

வேறு வழியில்லாமல் பிரேக் டிரம்மைக் கழற்றினார். பிரேக் லைனிங் முழுதும் தேய்ந்து, ஆணி மட்டும் மிச்சமிருந்தது. அந்த ஆணி டிரம்மை உழுது வைத்திருந்தது. சிலிண்டரிலிருந்து எண்ணெய் கசிந்து ஒழுகியிருந்தது. குனிந்து, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கைத் தடவினார். அடுக்கின் முதல் பிளேட்டில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். முந்தின நாள் இந்த வண்டியில்தான் வண்டி நிறைய குலை ஏற்றி ஆரியங்கோட்டு இறக்கத்தில் வந்திருந்தார். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொய்க்காகக் கழற்றியதை இனி மெய்யாகவே மாட்டியாக வேண்டும். நெய்யாற்றின்கரைக்குப் போய் பிரேக் ஷூ, சிலிண்டர், டிரம், புஷ், ஷாக், புதுப் பிளேட்டு எல்லாம் வாங்கினார். வளைந்த பிளேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் மலையாளத்தில் கேட்டான்:

"இதெந்தா சேட்டா, வில்லோ? சீதையெ கல்யாணம் கெட்டான் போகுவாணோ?"

"கெட்டியாச்சு மக்கா. கெட்டினதுக்க சுமையாக்கும் இது."

அன்று சாயங்காலம் பாதி வேலை, மறுநாள் காலையில் மீதி. கடைசியில் பிரேக் குழாயில் அடைத்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தர் மேலே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். ஸ்ரீகுமாரி ஏறி உட்கார்ந்தாள். கிருஷ்ணன்குட்டி ஸ்பேனரோடு வண்டிக்கடியில் புகுந்தார்.

"மிதி... மிதி... பிடிச்சுக்கோ!"

"பிடிச்சாச்சு."

"நான் சொல்லாம காலை எடுக்கப்பிடாது, கேட்டியா?"

"எடுக்கல்ல."

கல்யாணமான நாள்முதல் அவர் சொன்னதைச் சொன்னபடி அவள் கேட்டது அன்றுதான். கிருஷ்ணன்குட்டிக்கு நெஞ்சு நிறைந்தது. இரக்கமும் வந்தது.

"பாவம் குமாரி. இந்நேரம் நீ சோறூட்டுல நிக்க வேண்டியவ."

"அதுக்கென்ன. சோறூட்டு போன மாசமே கழிஞ்சாச்சு."

ஸ்பேனர் நின்றது.

"என்னது?"

"அவுங்க வீட்டோட நடத்தினாங்க. நம்மள விளிக்கல்ல."

"அப்பம் விஜயம்மா வீட்டுக்குப் போன் வந்துதுண்ணு சொன்னியே?"

"வந்துது. அவளுக்க தங்கச்சி விளிச்சா."

"எனக்கிட்ட கள்ளமா சொன்ன?"

"ஓணத்துல இருந்து நேராட்டு சொன்னேன். கேட்டீங்களா?"

அவர் கோபத்தோடு எழுந்தார். தலை சேஸிஸ் சட்டத்தில் இடித்தது.

"காலை எடுக்கட்டா?" என்றாள் அவள்.

"எடுக்காதே!"

அவர் மறுபடி மல்லாந்து படுத்து ஸ்பேனரைத் திருகினார். பிறகு அவள் குரல் இறங்கி வந்தது.

"அந்த இறக்கத்த நினைச்சா எனக்கு ஒரே பேடியும் பயமுமாக்கும். வளைவுல உங்க வண்டி 'டொக்'குண்ணு கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். அது வரைக்கும் அடுப்புல என்ன வேவுதுண்ணே தெரியாது."

கிருஷ்ணன்குட்டி புதுப் பிளேட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். விரிசலைத் தடவிய அதே விரலால் அதைத் தடவிப் பார்த்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"இனி அந்தச் சத்தம் வராதே," என்றார்.

"அப்பம் நான் எப்பிடி அறிய?"

"ஹார்ன் அடிக்கேன்."

"ம்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "காத்து போச்சா?"

"எல்லாம் போச்சு."

"எண்ணா சக்கரத்த மாட்டிட்டுக் குளிச்சிட்டு வாங்க. செங்கல்லுக்குப் போவணும்."

"விசேசந்தான் இல்லியே?"

"விசேசம் எதுக்கு? மத்தியானம் உண்ண வாறோம்ணு நேத்தே அண்ணனுக்குப் போன் செஞ்சாச்சு. இனி வண்டிக்குக் கேடு ஒண்ணும் இல்லல்லா."

கிருஷ்ணன்குட்டி யோசித்துப் பார்த்தார். லைனிங் புதுசு. பிளேட்டு புதுசு. ஷாக் புதுசு. சாக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றியிருந்தார்.

செங்கல்லில், மச்சினன் வீட்டு வாசலில், ஒரே மிதியில் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. சொன்னது ஸ்ரீகுமாரி.