டப்பிங் நைனாவின் ஜீப்பு

உலக சினிமாவில் செத்துப்போனவர்களில் பாதிப் பேரைத் திருவொற்றியூரில் உயிரோடு வைத்திருந்தவர் டப்பிங் நைனா.

எங்கள் தொழிற்சாலையில் வெல்டர். மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் சங்கக் கூடத்தில் வெளிநாட்டுப் படம் போடுவோம். லேப்டாப்பும் புரொஜெக்டரும் என் பொறுப்பு. கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது என்று எல்லோரும் புலம்பியதால், மைக்கைப் பிடித்துத் தமிழில் பேசும் வேலையை நைனா எடுத்துக்கொண்டார். அவருக்கு எந்த வெளிநாட்டு மொழியும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

"மூஞ்சிய பாத்தா தெர்ல, இன்னா பேசுறான்னு?"

பனி ஆற்றில் கதாநாயகன் மூழ்கியபோது, "பயப்படாதீங்கோ, அந்தாண்ட ஏறிட்டான்" என்றார். காசநோயில் கதாநாயகி கண்ணை மூடினாள், "ஊசி போட்டுக்கீறாங்கோ, தூங்குது." இன்னொரு படத்தில் ஊரே பற்றி எரிந்தது. போகி என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஐப்பசிக் கடைசி ஞாயிறு, வெளியே நல்ல மழை, கறுப்பு வெள்ளைப் போர்ப் படம் ஒன்று போட்டேன். பிடிக்கவே முடியாத பாலத்தைப் பிடிக்கச் சொல்லித் தளபதி உத்தரவிடுகிறார். தோல்வி. பழியைச் சுமக்க மூன்று சிப்பாய்கள், அவர்கள்மேல் ராணுவ விசாரணை. நைனா தளபதியை ஜி.எம். ஆக்கினார். சிப்பாய்கள் கான்ட்ராக்ட் லேபர்.

மூன்றாவது வரிசையில் கிரேன் ஓட்டும் செல்வம். அளவுக்கு மீறிய எடையைத் தூக்கச் சொன்னது மேலதிகாரி. சங்கிலி அறுந்ததும் சஸ்பெண்ட் ஆனது செல்வம். மறுநாள் காலை விசாரணை. "தீர்ப்ப எழுதி வெச்சிகினுதான் கூப்புடுறானுங்கோ. நான் போவல" என்று வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். போகாவிட்டால் வேலை நிச்சயம் போய்விடும்.

இந்த வகைப் படங்கள் நம்மை வேண்டுமென்றே ஏமாற்றும். நேர்மையான அதிகாரி ஒருவர் வாதாடுவார், சாட்சி கிடைக்கும், நமக்கும் நம்பிக்கை வரும். நம் ஊர்ப் படமென்றால் இந்த இடத்தில் புழுதி பறக்க ஒரு ஜீப் வந்து, "நிறுத்துங்கள்!" என்று குரல் கேட்க வேண்டும். இதில் வராது. கம்பத்தில் கட்டிச் சுட்டேவிடுவார்கள். நாம் கோபத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இயக்குநரின் திட்டம்.

நைனா அந்தத் திட்டத்தை மதிக்கவில்லை. கம்பங்களைப் பார்த்ததும் அவரே ஜீப்பாகிவிட்டார்.

"டுர்ர்ர்... வந்துச்சு ஜீப்பு! ஆர்டர் கேன்சல்!"

துப்பாக்கிகள் வெடித்தன. மூன்று தலைகளும் தொங்கின.

"அது பட்டாசுப்பா. சந்தோஷத்துல மயக்கம்."

செல்வம் எழுந்துவிட்டான். "யோவ் நைனா, டூப்பு வுடாத! சுட்டுட்டானுங்கோ, பாத்துகினுதானே கீறோம்? ஜீப்பு எங்க கீது?"

"ஓரமா நிக்குதுடா. கேமராக்காரன் காட்டல. அவன் ஜி.எம். ஆளு."

கூடமே சிரித்தது. படம் முடிந்து விளக்கும் போட்டாயிற்று. நைனா மைக்கை விடவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மூவரையும் ரயிலேற்றி, ஒருவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.

"இன்னா நைனா பேஜாரு பண்ற?" என்றான் செல்வம்.

"அவனுங்கோ வந்து நின்னானுங்கோ, ஜீப்பு வந்துச்சு. நீ வூட்டுல குந்திகினா அது யாரத் தேடி வரும்?"

செல்வம் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். பிறகு, "நாளிக்கு நீயும் வா. ஆனா வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்றான்.

விசாரணையில் துணைக்கு ஒரு சக தொழிலாளி உட்காரலாம் என்பது விதி. மறுநாள் காலை நான் வெளியே, பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவருகே நின்றேன். அதிகாரி குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் வாசிக்க, பக்கத்தில் நைனாவின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அதை ஓரக்கண்ணால் பார்த்த செல்வம், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். எடையைத் தூக்கச் சொன்னது யார் என்று பெயரைச் சொன்னான்.

பொங்கலுக்கு முன்பே அவன் மறுபடி கிரேனில் ஏறிவிட்டான். அன்று அந்த உதட்டில் என்ன வசனம் ஓடியது என்று நைனாவிடம் நான் கேட்டதில்லை. எதுவானாலும், அதில் செல்வம் ஜெயித்திருப்பான்.