வில்லனுக்கு நான் கொடுத்த குரல்

ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பை யாரிடமும் அவசரப்பட்டு ஒப்படைக்கக் கூடாது. என்னிடம் ஒப்படைத்துவிட்டு என் அண்ணன் பட்ட பாடு போதும்.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் எங்கள் பகுதிக்கு அவன்தான் கேபிள் கொடுத்தான். வீட்டுப் பின்னறையில் வீடியோ டெக்கை வைத்து மத்தியானம் ஒரு படம் போடுவான். டப்பிங் படங்களில் வசவு தண்ணீர்பட்ட பாடு. "பிள்ளைகளோட உக்காந்து பாக்க முடியல, வயரைக் கழட்டிட்டுப் போங்க" என்று வீட்டுக்கு வீடு புகார். அண்ணன் உடனே தணிக்கைக் குழு அமைத்தான். (குழு என்றால் நான் ஒருத்திதான். தகுதி: மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி டீச்சர்.)

"கெட்ட வார்த்தை வந்தா இந்தப் பட்டனை அமுக்கு, சத்தம் நின்னுரும். பக்கத்துல உள்ளதைத் தொட்டுராத, அது அறிவிப்பு மைக்கு."

காளையார்கோவிலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் பட்டுச்சேலையோடு பின்னறையில் தணிக்கையில் இருந்தேன். முன்னறை டிவியில் அதே படம். வில்லன் வாயைத் திறந்தான். பதற்றத்தில் மைக் பட்டனை அமுக்கினேன். வில்லன் ஊமையானான். அதே நேரம், தோலுரிந்த வயரில் என் முழங்கை பட்டுச் சுரீரென்றது.

"எந்த எடுபட்ட பய இந்த வயரை இங்குட்டுப் போட்டது?"

இது தெருத் தெருவாக எல்லா டிவியிலும் கேட்டது. தொடர்ந்து நான் சொன்ன இரண்டு சொற்களை அச்சில் போட முடியாது.



"வில்லன் பேசுறான்" என்றான் முன்னறையில் இருந்த அண்ணன்.

"பொம்பளக் குரல்ல பேசுறானே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர் பள்ளித் தலைமையாசிரியை.

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். காபித் தட்டோடு முன்னறைக்குப் போனேன். அதை வாங்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அடிச்சிருச்சா பாப்பா?"

"வார்த்தை... தெரியாம வந்துருச்சு டீச்சர்."

"கரண்டு அடிச்சா ஜெபமா சொல்லுவாக?" என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "மொதல்ல அந்த வயருக்கு டேப்பைச் சுத்துங்க தம்பி."

மாப்பிள்ளை குனிந்தபடி சிரிப்பை அடக்க, தோள்கள் மட்டும் குலுங்கின. அந்தத் தோள்களைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னேன்.

இன்றைக்கும் புதியவர்களிடம் என் மாமியார், "எங்க மருமக டிவியில பேசுனவ" என்றுதான் அறிமுகப்படுத்துவார். "என்ன பேசுனாக?" என்று யாராவது கேட்டுவிட்டால், என் கணவர் அவர்களைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.