தியானத்துக்குப் போனவர்கள்

கப்பல் யன்னலுக்கு வெளியே ஒரு மலை தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்து எழும்பிய அஞ்சலோவுக்கு அந்த மலையை எங்கேயோ பார்த்தது போல இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறந்த நாளில் இருந்து பார்க்கிற மலைதான். கோணேசர் மலை.

“மலர், கப்பல் திருகோணமலைக்கு வந்திட்டுது” என்றார்.

தலை இழுத்துக்கொண்டிருந்த மரியமலர் சீப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஓம். கடலுக்க இருந்து பாக்க நல்ல வடிவாத்தான் இருக்கு” என்றாள்.

அஞ்சலோவுக்கு மேலெல்லாம் வேர்த்துவிட்டது.

கொழும்பில் ஏறினால் கப்பல் அம்பாந்தோட்டையில் நிற்கும், பிறகு காங்கேசன்துறையில்தான் நிற்கும், இடையில் எங்கேயும் நிற்காது என்று மகள் நிரோஷினி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். அவள் கொழும்பில் கப்பல் பயணம் ஒழுங்கு செய்கிற கந்தோர் ஒன்றில் வேலை. அங்கே வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பனுக்கு அறை ஒன்று இனாமாகக் கிடைத்தது. இனாமாக வருகிற எதையும் அஞ்சலோ நம்புவதில்லை. மனைவியை நினைத்து இந்த முறை மட்டும் நம்பினார். கலியாணம் கட்டியதில் இருந்து அவளை அவர் கூட்டிக்கொண்டு போன ஆகக் கூடிய தூரம் கந்தளாய். அதுவும் ஒரு செத்த வீட்டுக்கு.

ஆனால் கிடைத்த நாட்கள் தவக்காலத்துக்குள் விழுந்தன. பாஸ்குத் திருநாளுக்கு முன் ஒறுத்து, அழுது, செபிக்க வேண்டிய காலம். அஞ்சலோ கோயிலில் மூப்பர். சனத்துக்கு முன்னால் நடக்கிறவர். சனத்தைக்கூடச் சமாளிக்கலாம். குணரத்தினத்தைச் சமாளிக்க ஏலாது.

குணரத்தினத்தின் மகன் ஜக்சனுக்குத்தான் நிரோஷினியைப் பேசியிருந்தது. அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முதலில் வந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொரு நொட்டை சொல்லிக்கொண்டு போய்விட்டன. இதுவும் முறிந்தால் இனிப் படலையைத் திறந்துகொண்டு ஒருவரும் வரமாட்டார்கள். குணரத்தினமோ தவக்காலத்தில் பால்தேத்தண்ணிகூடக் குடிக்காத மனிதர். ரீவியைச் சீலையால் மூடிக் கட்டி வைத்திருப்பார். கலியாணப் பேச்சுக்கால் நடந்த அன்று அவர் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான்.

“தபசுகாலத்தில கூத்தடிக்கிற குடும்பத்தில நான் கை நனைக்க மாட்டன்.”

அந்தக் கதைக்குப் பயந்துதான், மடுவுக்கு அங்கால காட்டுக்குள் ஒரு தியான வீட்டுக்குப் போகிறோம், வாய் திறக்காமல் இருந்து செபிக்கப் போகிறோம் என்று அஞ்சலோ ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். குணரத்தினத்துக்கு நேரில் போய்ச் சொன்னார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

கப்பலின் ஒலிபெருக்கி மூன்று மொழியில் கதைத்தது. காங்கேசன்துறைப் பக்கம் காற்றுச் சரியில்லையாம். அதனால் இங்கே நிற்கப் போகிறதாம். எல்லோரும் இறங்கலாம், ஊர் சுற்றிக் காட்ட பஸ் ஆயத்தமாக நிற்கிறதாம். அஞ்சலோ வானத்தைப் பார்த்தார். மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. கப்பல்காரன் சொல்கிற காற்று கப்பல்காரனுக்கு மட்டும்தான் அடிக்கும் போல.

“நாங்கள் இறங்கேல்லை. யன்னல் சீலையை இழுத்து விடு.”

மரியமலர் இழுத்து விட்டாள். அவளுக்கும் மகள்தான் பெரிது.

சீலை ஆடி நிற்கவில்லை, கதவில் தட்டு விழுந்தது. அறை துப்புரவாக்குகிற பெண் நின்றாள். கரப்பானுக்கு மருந்தடிக்கப் போகிறார்கள், அறையில் ஒருவரும் இருக்கக்கூடாது என்றாள். அஞ்சலோ உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். பொல்லாத வயிற்றுக்குத்து, அசைய ஏலாது என்றார். அவள் இரக்கமுள்ள பெண். ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். குடல்வால் போல இருக்கிறது, கப்பலில் வெட்ட வசதியில்லை, அம்புலன்ஸ் கூப்பிட்டுத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அங்கே வாட்டில் நிற்கிற நேர்ஸ், மிஸ் றிஷானா, இவர்களுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறவள். நல்ல பிள்ளை. ஆனால் அவளிடம் ஒரு கதை போனால் அது பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

அஞ்சலோ எழும்பி இருந்தார். குத்து நின்றுவிட்டது என்றார்.

“உந்தக் குத்து சடாரெண்டு நிண்டா அதுதான் கூடப் பயம்” என்றார் டொக்டர்.

வேறு வழியில்லை. அஞ்சலோ கட்டிலால் இறங்கி, கையை இடுப்பில் வைத்து, டொக்டருக்கு முன்னால் இரண்டு அடி ஆடிக் காட்டினார். மூப்பர் தவக்காலத்தில் ஆடியது அதுதான் முதல் தடவை.

டொக்டர் அப்படியென்றால் நன்றாக இறங்கி ஊரைப் பார்க்கலாம் என்று சொல்லிக் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

கப்பல் கடையில் பெரிய பூப்போட்ட சேட்டு ஒன்று, ஓலைத் தொப்பி ஒன்று, முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். மரியமலருக்குத் தலையில் சுற்ற ஒரு சால்வை. கடைச் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவருக்கே அவரைத் தெரியவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

இறங்குதுறையில் மேளம் அடித்தார்கள். நினையாப்பிரகாரமாக வந்த கப்பலுக்கு இவ்வளவு கெதியாக மாலையும் மேளமும் எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. மாலை போட்டால் படம் எடுப்பார்கள். படம் எடுக்கிறவன் கூட்டத்தைப் பார்த்தான். யார் ஆக வெளிநாட்டுக்காரன் போல இருக்கிறான் என்று தேடினான். பூப்போட்ட சேட்டைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டான். பழைய சேட்டோடு வந்திருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது.

பஸ்ஸில் ஊர் காட்டுகிறவர் சிவரூபன் என்று ஒரு பெடியன். எந்த நாடு என்று இங்கிலீசில் கேட்டான். அஞ்சலோவின் வாயில் மலேசியா வந்தது. ஏன் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

“மலேசியாவோ. அப்ப தமிழ் ஆக்களோ?”

“ஓம்” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆமா.”

சிவரூபனுக்குச் சரியான சந்தோசம். மைக்கை எடுத்து, மலேசியாவில் இருந்து எங்கள் இனசனம் வந்திருக்கிறது என்று பஸ் முழுவதற்கும் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர்களுக்குப் பக்கத்திலேயே வந்து குந்திவிட்டான். மரியமலரின் கையில் செபமாலையைக் கண்டான். வேதக்காரரா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, அதனால்தான் வாயைத் திறக்கவேண்டாம் என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

“கன்னியா வெந்நீர்க் கிணறு எங்க ஓடப்போகுது, பிறகு பாக்கலாம். முதல் உங்களுக்கு ஒரு பழைய கோயில் காட்டுறன். கடற்கரைப் பக்கம். கன பேருக்குத் தெரியாது.”

அஞ்சலோவுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோயிலின் திறப்பு ஒன்று அவருடைய வீட்டுக் குசினியில் ஆணியில் தொங்கியது. “நமக்கு கிணறுதான் பார்க்கணும் தம்பி” என்று இந்தியப் படக்காரர் கதைக்கிற மாதிரிக் கதைத்துப் பார்த்தார். சிவரூபன் சிரித்துக்கொண்டே சாரதிக்குக் கையைக் காட்டினான். பஸ் திரும்பியது.

மீன் சந்தையைத் தாண்டி, ஐஸ் கடையைத் தாண்டி, அவர் தினமும் சைக்கிளில் போகிற வீதிக்குள் பஸ் நுழைந்து, அப்படியே நின்றது. முன்னுக்கு வீதி நிறையச் சனம். நடுவில் சிலுவை.

அப்போதுதான் அஞ்சலோவுக்கு இன்று வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. தவக்கால வெள்ளி, இறைச்சி தொடக்கூடாத நாள். பின்னேரம் சிலுவைப்பாதை. கப்பலில் நாள் கிழமை தெரியாமல் போய், மத்தியானம் பொரித்த கோழியும் தின்றுவிட்டார். அந்தக் கோழி இப்போது நெஞ்சுக்குள் நின்று ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது.

அவர் நடக்க வேண்டிய இடத்தில் யேசுரட்ணம் சிலுவையோடு நடந்துகொண்டிருந்தான். மூப்பர் வேலையில் கனகாலமாகக் கண் வைத்திருக்கிறவன். வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தான். அஞ்சலோ ஆசனத்துக்குக் கீழே சரிந்தார்.

“என்ன ஐயா தேடுறியள்?” என்று சிவரூபன் குனிந்து கேட்டான்.

“கண்ணாடி விழுந்திட்டு.”

“முகத்தில இருக்கே.”

பஸ்ஸைப் பின்னால் எடுக்க ஏலாது, லொறி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ஏசி வேலை செய்யாதபடியால் யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. சனம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து சிலுவைப்பாதையின் அடுத்த தலத்துக்கு முழந்தாளில் நின்றது. யேசுரட்ணம் செபத்தைத் தொடங்கினான். தொடங்கிய சுருதி தப்பு. பதில் செபம் சொல்ல வேண்டிய சனம் முணுமுணுத்தது. ஏனென்றால் அந்தப் பங்குக் கோயிலில் பதில் செபத்துக்குக் குரல் எடுத்துக் கொடுக்கிறவள் ஒருத்திதான். அவள் எடுக்க, மற்றவர்கள் பின்னால் போவார்கள். இன்றைக்கு எடுக்க ஆள் இல்லை. செபம் அந்தரத்தில் தொங்கியது.

மரியமலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு தரம் பொறுத்தாள். அடுத்த தரம் அவளுடைய முழங்கால் தன்பாட்டில் மடிந்து பஸ் தட்டில் குத்திட்டது. வாய் தன்பாட்டில் திறந்தது. அந்தக் குரல் யன்னலால் போய் வீதி முழுவதும் விழுந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி. சனம் உயிர் வந்தது போல அவளுக்குப் பின்னால் ஒரே குரலில் சொல்லி முடித்தது.

முடித்த பிறகுதான் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

பக்கத்து வீட்டு சுதர்ஷிகா எழும்பி வந்து யன்னலுக்குள் பார்த்தாள். “மலர் மாமி? தியானம் முடிஞ்சுதோ?”

சிவரூபன் பெருமையோடு இடையில் விழுந்தான். “இவை மலேசியா ஆக்கள், அக்கா.”

“மலேசியாவோ?” என்றாள் சுதர்ஷிகா. “உவவின்ர கோழிக்கு நான்தான் ரெண்டு நேரமும் தீன் போடுறன்.” பிறகு ஆசனத்துக்குக் கீழே பார்த்தாள். “மாமா, ஏன் கீழ இருக்கிறியள்?”

யேசுரட்ணம் சிலுவையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். சட்டைப்பையால் போனை எடுத்தான். பூப்போட்ட சேட்டு முழுதாக விழும்படி ஒரு படம் எடுத்தான். குணரத்தினத்துக்குத்தான் அனுப்பப் போகிறான் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

அஞ்சலோ பஸ்ஸால் இறங்கினார். மரியமலரும் இறங்கினாள். இரண்டு பேரும் மதிலோரமாகச் சந்தி வரைக்கும் ஒன்றும் கதைக்காமல் நடந்தார்கள். ஊர் முழுவதும் சொல்லிவிட்டுப் போன மௌனத்தை அப்போதுதான் கடைப்பிடித்தார்கள்.

“என்ர வாய்தான் பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டுது” என்று சால்வையால் மூக்கைத் துடைத்தாள் அவள்.

“உன்ர வாய் செபம்தானே சொன்னது. பொய் சொன்னது என்ர வாய்.”

நிரோஷினி கடைசியாகப் போனில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஜக்சன் தன்னைச் சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறான் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து அவர் கேட்டது கன வருடத்துக்குப் பிறகு. இதற்கு முதல் வந்தவர்கள் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. தகப்பனிடம்தான் கேட்டார்கள்.

“படத்தைப் பாத்து அறியிறதிலும் பாக்க நாங்கள் போய்ச் சொல்லுறது மேல்” என்றாள் மரியமலர். “காலில விழச் சொன்னாலும் விழுவம்.”

ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினார்கள். வழி நெடுக அஞ்சலோ சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாங்கள் தியானத்துக்குப் போகவில்லை. கப்பலில் போனோம். கோழி தின்றோம். ஆடினேன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, குற்றம் முழுவதும் என்னுடையது. ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் குற்றம் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஓட்டோக்காரன் கண்ணாடியால் பார்த்து, வெள்ளைக்காரரைக் கண்டால் கேட்கிற மாதிரி, கோயில் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டான்.

குணரத்தினத்தின் வாசல் பூட்டியிருந்தது. அஞ்சலோ தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினார். சேட்டைக் கழற்ற ஏலாது. மணியை அடித்தார். மரியமலர் செபமாலையை உருட்டினாள்.

வீட்டு வேலைக்கு நிற்கிற துசானி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இலங்கைத்துறையில் இருந்து வந்து கன நாளாகவில்லை. அஞ்சலோவை அவள் முன்பின் கண்டதில்லை. சேட்டை மேலும் கீழும் பார்த்து, கப்பலில் வந்த ஆட்களா என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை. கப்பலிலதான் வந்தனாங்கள்” என்றார் அஞ்சலோ. அன்று முழுவதும் வெளி ஆளிடம் அவர் சொன்ன முதல் உண்மை அது. “ஐயாவைக் கூப்பிடுங்கோ. அவரிட்ட ஒரு விசயம் சொல்ல வேணும்.”

“ஐயாவும் அம்மாவும் தியானத்துக்குப் போட்டினம்” என்றாள் துசானி. “இப்பதான் ஐயா போன் எடுத்தவர், சம்பந்தி அஞ்சலோ ஐயா தனக்குப் பக்கத்தில முழந்தாளில நிண்டு அழுதுகொண்டிருக்கிறாராம், அதால கனக்கக் கதைக்க ஏலாதாம்.”