மக்சுத் பெடல் மாட்டினான்

பெடல் மாற்றுகிறவன் என்றொரு பிறவி உண்டு. நீங்கள் அவனைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு அவன் உங்களை விட்டிருக்க மாட்டான், குனியவும் வைத்திருப்பான். காருக்கு நகை போடுகிறவர்கள் பல தினுசு. கூரையில் விளக்கு வைக்கிறவன், கண்ணாடியில் கறுப்பு ஒட்டுகிறவன், பின்னால் வால் மாதிரி ஒரு தகட்டை நட்டுப் பறக்கப் பார்க்கிறவன், இவர்களெல்லாம் ஊர் பார்க்கட்டும் என்று செய்கிறார்கள். ஊரும் பார்த்துவிட்டுப் போகிறது. பெடல்காரன் சங்கதி வேறு. முழுக் காரிலும் எவன் கண்ணிலும் படாத இடம் எதுவோ, அதைத் தேடிப்பிடித்து, ஸ்டியரிங்குக்கு அடியில், இருட்டில், தன் காலுக்குக் கீழேயே மறைந்து கிடக்கிற மூன்று துண்டுகளுக்கு அலங்காரம் செய்கிறான். செய்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறான். எப்படிப் பார்ப்பார்கள்?

மர்கிலானில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவன் மக்சுத். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். அவனுடையது வெள்ளை மாட்டிஸ். எங்கள் ஊரில் கார் என்றாலே வெள்ளைதான்; கல்யாண வீட்டில் புலாவ் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எது நம்முடையது என்று கதவுகதவாகச் சாவியை நுழைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வெள்ளைக்கு நடுவில் தனக்கென்று ஒன்று வேண்டாமா? வேண்டும்தான். ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருக்கலாம். அவன் பெடல் வாங்கப் போனான்.

வாங்கப் போனான் என்று ஒரே வார்த்தையில் சொல்வது அநியாயம். உதிரிபாகக் கடைத்தெருவில் நாள்கணக்கில் குடியிருந்தான். ஓட்டை போட்ட பெடல், ரப்பர் மொட்டு வைத்த பெடல், சிவப்பு விளிம்பு, நீல விளிம்பு, இருட்டில் மினுங்குவது என்று ஒவ்வொன்றையும் கையில் வாங்கி எடை பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். தரையில் வைத்து, அதன்மேல் காலை வைத்து, கண்ணை மூடி ஒரு வளைவில் திரும்பினான். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"வாத்தியாரே, பெடல் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"அவசரப்படுத்தாதீங்கண்ணே. இது வேகத்துக்கு இல்ல, கட்டுப்பாட்டுக்கு."

கட்டுப்பாட்டுக்கு. இந்த ஒரு சொல்லை இந்த இனத்தார் எல்லாரும் சொல்வார்கள். எதைக் கட்டுப்படுத்த? அவனுடைய கார் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும். வழியில் முலாம்பழம் ஏற்றிய கழுதை வண்டி ஒன்று தினமும் அதை முந்திக்கொண்டு போகும்.

கடைசியில் அவன் மனம் போய் விழுந்தது பாத வடிவப் பெடலில். ஆக்ஸிலேட்டர் ஒரு மனிதப் பாதம்; பளபளக்கிற அலுமினியத்தில் ஐந்து விரலும் நகமும் உண்டு. பிரேக்கும் கிளட்சும் அதற்குத் துணையாக வட்டமாக, மொட்டு மொட்டாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டும் படலம். தலையும் உடம்பும் காருக்குள்ளே, இரண்டு கால்கள் மட்டும் தெருவில். பழைய ரப்பரை உரித்து, துளை போட்டு, போல்ட்டைக் கொடுத்து, அந்தப் பக்கம் நட்டைப் பிடிக்க விரல் போதாமல் அவன் உள்ளேயிருந்து முனகிக்கொண்டிருக்க, தெருவே கூடிவிட்டது. அவனுடைய அம்மா ரொட்டி வாங்கப் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் அந்தக் கால்களைத் தாண்டினாள். பக்கத்து வீட்டு பொத்திர் வந்து நின்றான்.

"என்னப்பா, காரு வாத்தியார முழுங்கிருச்சா?"

"சும்மா நிக்காத, டார்ச்சப் பிடி," என்றது கார்.

"பிடிக்கிறேன். பழைய பெடலுக்கு என்ன கொறச்சல்?"

"அது வெறும் பெடலு."

மாட்டி முடிந்தது. அன்றிலிருந்து தெருவில் எவனும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பால்காரர் குனிந்து பார்த்தார். தலைமையாசிரியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மக்சுத் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பான். "காலை வெச்சுப் பாருங்க. இல்ல இல்ல, செருப்போட வேணாம்."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. செருப்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும். அதனால் அவன் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ரப்பர் செருப்பைத் தெருவிலேயே கழற்றி, எடுத்துப் பையில் போட்டுப் பின்னால் வைத்துவிட்டு, காலுறையோடு ஓட்டத் தொடங்கினான். கூட வருகிறவர்களை அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? வீட்டுக்காரன் வெறுங்காலோடு இருக்கிற இடத்தில் செருப்போடு ஏற எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்?

இந்த நிலைமையில்தான் அவன் தங்கை ஹுல்கருக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோகந்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்கத் தேநீரில் உப்பைப் போட்டாள். மாப்பிள்ளையின் அப்பா துர்குன் பெரியவரும் அம்மா ஓய்னிசாவும் வந்து ரொட்டியைப் பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிடாமல் எழுந்து போனால் அதுவும் முடிந்ததுதான்.

பேருந்து நிலையத்திலிருந்து அவர்களை அழைத்து வருவது மக்சுத்தின் வேலை. முந்தின இரவு மழை. பெரியவர் பேசாத மனிதர், வெள்ளைத் தாடி, மெல்லிய தோல் காலுறை, அதன்மேல் புது ரப்பர் செருப்பு. கார்க் கதவு திறந்ததும் உள்ளே விரித்திருந்த கம்பளத் துண்டைப் பார்த்தார், மக்சுத்தின் வெறுங்காலைப் பார்த்தார், மரியாதை தெரிந்தவர், தன் செருப்பையும் கழற்றித் தரையில் ஜோடியாக வைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறினார். ஓய்னிசா கழற்றவில்லை. அந்த அம்மாவுக்குப் புத்தி இருந்தது. அவர் மடியில் ரொட்டி மூட்டையை ஏற்றி, மிட்டாய்ப் பெட்டியைச் செருகி, கதவை இரண்டு தடவை சாத்தி, பதற்றத்தில் வேர்த்து, மக்சுத் வண்டியைக் கிளப்பினான்.

செருப்புகள் கிளம்பவில்லை. பெரியவருடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை.

வழியெல்லாம் பெரியவர் தலை குனிந்தபடியே வந்தார். வீட்டு வாசலில் இறங்கக் காலை நீட்டினார். கால் காற்றில் துழாவியது. கீழே சேறு. விருந்தாளியின் செருப்பைத் திரும்பப் போட வசதியாகத் திருப்பி வைக்க வேண்டியது பெண்ணின் கடமை. ஹுல்கர் அதற்காகவே தயாராக நின்றாள். திருப்ப ஒன்றுமில்லை. அம்மா ஓடிப்போய்த் தன் பூப்போட்ட செருப்பைக் கொண்டுவந்தாள். பெரியவர் விரல்களை மட்டும் அதில் நுழைத்து, குதிகால் வெளியே தொங்க, முற்றத்தைக் கடந்தார். பொத்திர் தன் காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் பறந்தான்.

அடுப்படியில் ஹுல்கர் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சம்பந்தத்துக்கு வந்த மனுஷர வெறுங்காலோட எறக்கியிருக்க. அண்ணே, இது மட்டும் நின்னு போச்சு, அந்தப் பெடல உன் நெத்தியில போல்ட் போட்டு மாட்டிருவேன்."

"மறந்துட்டேன்மா."

"பெடல மறந்தியா?"

உள்ளே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. விரிப்பின் நடுவில் ரொட்டி முழுசாகக் கிடந்தது. பெரியவர் அதைத் தொடவில்லை. தாடியைத் தடவினார், கதவைப் பார்த்தார், பிறகு மெல்ல எழுந்தார்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வா."

அம்மாவின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது. மக்சுத் தலைக்கு மேலே கத்தி தொங்குகிறவன் மாதிரி பின்னால் போனான். பெரியவர் நேராகக் காருக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"அந்த நடுப் பெடலு கோணலா இருக்கு."

"என்னங்கய்யா?"

"வழி பூரா அதத்தான் பாத்துட்டு வந்தேன். சம்பந்தம் பேச வந்த எடத்துல பெடலப் பத்திப் பேசுனா நல்லாருக்காதேன்னு வாய மூடிட்டு இருந்தேன். முடியல தம்பி. அடியில வாஷர் போட்டியா?"

"ஒண்ணுதான் போட்டேன்."

"ஒண்ணு எப்படிப் போதும்? ஸ்பேனர் எங்க?"

நேரம் போயிற்று. பொறுக்க முடியாமல் ஹுல்கர் போய் ஜன்னல் திரையை விலக்கினாள். வெள்ளைக் காரின் ஒரு பக்கக் கதவிலிருந்து மக்சுத்தின் கால்கள்; மறு பக்கக் கதவிலிருந்து தோல் காலுறை போட்ட இரண்டு பெரிய கால்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். நிலையத்திலிருந்து திரும்பிய பொத்திர் இரண்டு ஜோடிச் செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தக் காலிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஓய்னிசா எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"சொந்த வண்டி இருக்கும்போது பஸ்ல ஏன் வந்தோம்னு நீங்க கேக்கவே இல்லையே சம்பந்தி. பிரிச்சுப் போட்டுட்டாரு. சேக்கத் தெரியல."

ஹுல்கர் திரையை விட்டுத் திரும்பினாள். மணப்பெண் பேசக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது.

"உங்க மகனும் இப்படித்தானாம்மா?"

"பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. அவன் ஹாரன் மாத்துவான். வீட்ல இருக்கறதே மூணு."

ஹுல்கர் கொஞ்சம் யோசித்தாள். ஹாரன் என்றால் குனிய வேண்டியதில்லை. ரொட்டியை எடுத்து ஓய்னிசாவின் பக்கம் நகர்த்தினாள். ஓய்னிசா ஒரு பக்கம் பிடிக்க, அம்மா மறுபக்கம் பிடிக்க, இரண்டு பெண்களுமாக அதைப் பிட்டார்கள். கல்யாணம் நிச்சயமான செய்தி காருக்குள் போய்ச் சேரும்போது அங்கே இரண்டாவது வாஷர் ஏறிக்கொண்டிருந்தது. "நல்லது, நல்லது," என்றது பெரியவரின் குரல். எதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காரே இல்லாதவர்கள் தப்பித்தோம் என்று இன்னும் கொஞ்சம் கூடச் சிரிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. சமையலறை அலமாரியின் உட்புறக் கொக்கியோ, குளியலறைக் குழாயின் புதுத் திருகோ, நீங்களே மாட்டியது, யாரும் கேட்காதது. அடுத்த முறை விருந்தாளியிடம் "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று எழுந்திருக்கும்போது, அவர் முகத்தை ஒரு தடவை கவனியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் முகம் அப்படித்தான் இருந்தது.